அப்பா ஒட்டிய ஈயத்துண்டு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவைத் திறந்தேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப்போய், உன்னிடம் இன்னொரு பொய் எதற்கு என்று நிறுத்திவிட்டேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நீயும் நாலு வார்த்தை பேசுவதற்குள் "என் கிட்னியை நான் தரேம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், நான் போனை வைத்துவிடுவேன். மூன்று மாதமாக அப்படித்தானே நடக்கிறது. அதனால் இன்று பேக்கரிக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவை டயாலிசிஸ் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லாம் காத்திருக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணி நேரம் இருக்கிறது. எதிரே பொத்தானை அழுத்தினால் பிஸ்கட் பாக்கெட் விழுகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் அதைக் கொண்டுவந்து வைக்கத் தோன்றியது எந்தப் புண்ணியவானுக்கோ தெரியவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு நான் எல்லாவற்றையும் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு என் கிட்னி பொருந்தும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். எடையைக் குறைத்தால்தான் எடுப்பேன் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். ஆனால் எவ்வளவு என்று சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. எண்பத்திரண்டு கிலோ இருந்தேன் சிட்டு. எழுபதுக்குக் கீழே வந்தால்தான் கத்தியைத் தொடுவேன், இந்தப் பருமனில் அறுத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து, மிச்சம் இருக்கிற ஒரு கிட்னியும் தாங்காது என்று சொல்லிவிட்டார். அப்பாவின் கையில் ஊசி குத்துகிற நரம்பு ஏற்கெனவே ஒரு தடவை அடைத்துவிட்டது. கோடை முடிவதற்குள் ஆபரேஷனை முடித்துவிடலாம், அதற்கு மேல் தள்ளவேண்டாம் என்கிறார். பன்னிரண்டு கிலோதானே, ஒரு மனுஷனின் உயிருக்காக வாயைக் கட்ட முடியாதா என்று நானும் சவடாலாகத்தான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கும் என் வாய்க்கும் ஐம்பத்தாறு வருஷப் பழக்கம், அது சொன்ன பேச்சைக் கேட்காது என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

பேக்கரியில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கேக்குக்கு கிரீம் தடவுவதற்கு முன்னால் நாலு ஓரத்தையும் மேல் தோலையும் பல்லுக்கத்தியால் சீவி மட்டம் செய்கிற வேலை. சீவின ஓரத்தை விற்க முடியாது, ஒரு தட்டில் குவிந்துகொண்டே இருக்கும். இருபது வருஷமாக அந்தத் தட்டுதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு மாதிரி. கேக்கிலேயே ருசியான இடம் அந்தக் கருகின ஓரம்தான், அது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது, சீவுகிறவர்களுக்குத்தான் தெரியும். முதலாளியிடம் போய் என்னை வேறு எங்கேயாவது போடுங்கள் என்று கேட்டேன், பெட்டி மடிக்கிற மேசைக்கு மாற்றினார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த மேசை அடுப்பு அறைக் கதவுக்கு நேரே இருக்கிறது. நாலு மணிக்குத் தட்டுகளை வெளியே இழுப்பார்கள், வெண்ணெய் வாசனை வந்து என் கழுத்தைப் பிடித்துத் திருப்பும். கை மடித்த பெட்டியையே மறுபடி மடித்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் உணவு யோசனை சொல்வதற்கு என்று ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், அவள் இடுப்பு என் மணிக்கட்டு அளவு. அவள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்தேன். ஆசை வந்தால் பத்து நிமிஷம் பொறுங்க, தானா அடங்கிடும் என்றாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் பொறுத்தேன், பதினோராவது நிமிஷம் இரண்டு கையாலும் தின்றேன். பல் தேய்த்துவிட்டால் இனிப்புப் பக்கம் மனசு போகாது என்றாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை பல் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில், நாக்கு கேட்கும்போதெல்லாம் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிங்க, வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும் என்றாள். சிட்டு, அது ஒன்றுதான் எனக்குப் பலித்தது, அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது, மாத்திரைக்குக் குடிப்பதும் அதில் சேர்த்தி. நாக்கு வறண்டு உதடு வெடித்து, ஐஸ்கட்டியை எண்ணி எண்ணி வாயில் போட்டுக்கொள்கிற மனுஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படிப் பெரிய டம்ளரைத் தூக்கி மடக்மடக்கென்று குடிப்பேன். போன மாதம் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டின் முனையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் முகம் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டார். நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும்போது குளியலறைக்குள் போய், குழாயை மெல்லத் திறந்து, சத்தம் வராமல் குடித்துவிட்டு வருகிறேன். சில நாள் அதுவும் பாவமாக இருக்கும், குடிக்கமாட்டேன், அந்தப் பசியில் எதையாவது தின்றுவிடுவேன். நான் அவர் வாய்க்குக் காவல், அவர் என் வாய்க்குக் காவல், இரண்டு திருடர்கள் ஒரே வீட்டில் காவல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படிக் குடித்தனம் நடக்கிறது.

முன் அறையில் அப்பாவின் வேலை மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய எடை மெஷின் நிற்குமே, நின்றுகொண்டு மேலே இருக்கிற கம்பியில் குண்டைத் தள்ளிப் பார்ப்பது, பழுது பார்க்கக் கொடுத்த கிளினிக்காரர் திரும்ப வாங்கிப் போகவே இல்லையே, அதில்தான் தினமும் காலையில் இரண்டு பேரும் ஏறுவோம். அவருக்கு ஏறினால் தண்ணீர், எனக்கு ஏறினால் கேக். எனக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தச் சின்ன எண் தெரியாது, அப்பாதான் குண்டைத் தள்ளிப் படித்துச் சொல்வார், நோட்டில் எழுதுவார். முதல் இரண்டு மாதம் நன்றாக இறங்கியது. அப்புறம் மூன்று வாரம் அசையவே இல்லை. ஒரு காலையில் மெஷின் மேல் நின்றபடியே குலுங்கிக் குலுங்கி அழுதேன், என் வாயே உங்களுக்கு எமனாக வந்து வாய்த்திருக்கிறதே என்று என்னவெல்லாமோ சொன்னேன். மறுநாள் அரைக் கிலோ குறைந்திருந்தது. அதற்கப்புறம் வாரா வாரம் குறைந்தது. நான் அந்தச் சந்தோஷத்தில் சின்னச் சின்னதாகத் தின்றதைக்கூட மெஷின் கண்டுகொள்ளவில்லை, உடம்பு இளகிக்கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுபத்தொன்று என்று எழுதின அன்றைக்கு உனக்குப் போன் செய்தேனே, நீகூட விசில் அடித்தாயே.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஏற்றிப் பார்த்தார்கள். எழுபத்தைந்து. நர்ஸ் ஏதோ தப்பாகப் படிக்கிறாள் என்று இன்னொரு தடவை ஏறினேன், அதே எழுபத்தைந்து. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்க வீட்டுக்காரர் முப்பத்துநாலு வருஷம் தராசு வேலை பார்த்தவர், இந்த ஊர்க் கடைத் தராசெல்லாம் அவர் கை பட்டது, எங்க மெஷின் தப்பாது, உங்களுதுதான் கெட்டுப்போயிருக்கு, வேணும்னா அவரையே பார்க்கச் சொல்றேன் என்று அந்த வராண்டாவே கேட்கும்படி கத்தினேன். நர்ஸும் பாவம், சரிம்மா, அவரே பார்க்கட்டும் என்றாள். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வாங்களேன் என்றேன். அவங்களுது சரியாத்தான் இருக்கும், வா போகலாம் என்றார்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். நம் வீட்டு மெஷினில், கம்பியின் நுனியில் அடிப்பக்கம் ஒரு ஈயத்துண்டை மெழுகு வைத்து ஒட்டினாராம், எடை குறைவாகக் காட்டட்டும் என்று. நான் அழுத அன்றைக்குத்தான் முதல் துண்டு. எடையில் ஏமாற்ற எந்தக் கடைக்காரன் எங்கே ஈயம் ஒளித்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர் வாங்கின மனுஷன் சிட்டு, அவர். அன்னிக்கு ஒரு நாள் நீ அழாம வேலைக்குப் போனாப் போதும்னுதான் செஞ்சேன், சாயங்காலம் எடுத்துடலாம்னு நினைச்சேன், நீ சிரிச்சுக்கிட்டே வந்தே, எடுக்க மனசு வரல, அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் சேர்க்க வேண்டியதாப்போச்சு என்றார். தன் எடையை மட்டும் மனசுக்குள் கூட்டிச் சரியாக எழுதிக்கொண்டாராம். என்னை அறுக்கக் கூடாது என்பதற்காகச் செய்தீர்களா என்று கேட்டேன். அப்படி நினைக்கல என்றார். அடுத்த நிறுத்தம் வந்ததும், நினைச்சேனோ என்னமோ என்றார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. ஊசி குத்துகிற கை என் பக்கம் இருந்ததால் இரண்டும் செய்யவில்லை. வேறு எதையும் வைப்பதற்கு முன்னால் காலி மெஷினைப் பார், கம்பி நடுவில் நிற்கிறதா என்று பார் என்று உனக்கு நாலு வயதிலேயே சொல்லிக்கொடுத்தார், நீகூட அதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாய். நான் ஒரு நாளாவது ஏறுவதற்கு முன்னால் பார்த்திருந்தால் நுனி தொங்குவது தெரிந்திருக்கும். குறைந்த எடை கிடைக்கிறபோது யார் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோனேன். உனக்குத் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன், ஆனால் காகிதத்தில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது, நீயே கண்டுபிடித்துவிடுவாய். கிரீம் பிஸ்கட், ஒரு பாக்கெட் முழுக்க. உள்ளே அவர் ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது, நான் இங்கே பிஸ்கட் தின்கிறேன். உன் அப்பா மேல் எனக்கு ஆசை இல்லையா, இல்லை பயம் இல்லையா, இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கை போகிறது. யார் கை இது என்று நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு, நிஜமாகவே தெரியவில்லை.

இனி நான் இந்தக் கடிதத்தை எதற்கு எழுத ஆரம்பித்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பிள்ளைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று எழுதினேன். உன்னைப் பெற்ற கையால் எழுதினேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை வயிற்றில் தங்கவேண்டும், உன் உடம்பில் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்றுதான். அப்பா பார்த்தார், அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதனால்தான் நீ போனில் எவ்வளவு கெஞ்சியும் ஆஸ்பத்திரியில் இருந்து உன்னை யாரும் கூப்பிடவே இல்லை.

வியாழக்கிழமை எடை பார்த்து முடிந்ததும், நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், கிட்னி மாற்றுகிற ஏற்பாட்டையெல்லாம் கவனிக்கிற ஆஸ்பத்திரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோடைக்குள் இவ்வளவு குறைப்பது கஷ்டம், சொந்தத்தில் வேறு யாருமே இல்லையா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். கதவுக்கு வெளியே அப்பா நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், உதடு வெடித்திருந்தது. ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். உன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, பழைய படிவத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு உன் பேரை எழுதினார். அப்பாவுக்கு இது தெரியாது, தெரிந்தால் டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்பார். அவர் என்னிடம் மறைத்ததற்குக் கோபப்பட்டுவிட்டு நான் இப்படி மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் உன்னைக் கூப்பிடுவார்கள். அந்தப் போனை எடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எடுக்காதே என்று எழுதப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. மாப்பிள்ளையிடம் பேசு, அவர் முகம் கோணினால் அதில் தப்பு இல்லை, நீயும் அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. நீ என்ன முடிவு செய்தாலும் என் பெண்தான், அதில் மாற்றம் இல்லை. அதற்குள் நான் ஆறு கிலோ குறைத்துவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு என்று எழுத ஆசையாக இருக்கிறது, எழுதவில்லை.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும். வேலைக்கு நடுவில் மறக்காமல் தண்ணீர் குடி, தாகம் எடுக்கும்வரை வைத்துக்கொள்ளாதே. அதோ அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டார்கள், கதவுக் கண்ணாடி வழியாக என்னைத் தேடுகிறார், வாயைத் துடைத்துக்கொண்டு போகவேண்டும்.

ஈயத்தை அவரே சுரண்டி எடுத்துவிட்டார். இன்று காலையில் காலி மெஷினை நானே குனிந்து பார்த்தேன், கம்பி நடுவில் நின்றது. அப்புறம்தான் ஏறினேன். எழுபத்தைந்தரை. உனக்காவது சரியான எடையைச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அம்மா