பலகையில் அறுபது இல்லை

என் தோணியில் மறுபக்கம் இருந்த நாகமணி மச்சானுக்கு,

இது என் கையெழுத்துத்தான். சந்தேகப்படாதே. நீ போன பிறகு, எழுபத்திரண்டு வயதில், மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். இந்த நாலு வரியை எழுதி முடிப்பதற்குள் ஒரு வாய் வெற்றிலை தீர்ந்துவிட்டது. ஆனாலும் என்ன சந்தோசம் தெரியுமா?

வாவியில் வலை போடும்போது மேற்கே ஒரு மலையை அடையாளம் பிடிப்போமே, போன ஞாயிறு மகள் செல்வி என்னை அங்கே கூட்டிப்போனாள். அதன் அடிவாரத்தில் சின்னக் கிராமம். வருகிற சனம் கூடாரம் அடித்துத் தங்குகிறது, சைக்கிள் ஓடுகிறது, கயிறு பிடித்துப் பாறை ஏறுகிறது. உச்சியில் சோழர் காலத்துக் கோயிலின் செங்கல் அடித்தளம் இருக்கிறதாம்.

கயிறு கொடுக்கிறவர் என்னை மறித்தார்.

"ஐயா, நீங்க இஞ்ச இருங்க. அறுபதுக்கு மேல ஏற ஏலா. பலகையில எழுதியிருக்கு."

நான் நேரே பலகைக்கு முன்னால் போய் நின்றேன். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, சத்தமாக வாசித்தேன். வரிசை அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, சனம் பாக்குது," என்றாள் செல்வி.

"பாக்கட்டும் புள்ள. கேக்கவும் கேக்கட்டும்."

பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாது. நெஞ்சு வருத்தக்காரர் ஏறக்கூடாது. குடித்தவர்கள் ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

"தம்பி, இதில அறுபது எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது... நாங்க சொல்லுறது ஐயா."

"அப்ப நீங்க சொல்லுறதெண்டு சொல்லுங்க. எழுதியிருக்கெண்டு சொல்லாதீங்க. கயிறத் தாங்க."

"குடுங்க அண்ணன்," என்று வரிசையில் ஒருத்தி கத்தினாள். "இல்லாட்டி ஐயா பலகையிர பின்பக்கத்தையும் வாசிப்பார்!"

ஏறினேன் மச்சான். மூன்று இடத்தில் குந்தினேன், முழங்கால் என்னைத் தூசணத்தால் ஏசியது, ஆனாலும் ஏறினேன். அந்தப் பழஞ்செங்கல்லில் சாய்ந்து பார்த்தால், வயல்களுக்கு அப்பால் நம் வாவி தகடு மாதிரிக் கிடந்தது. சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

உன் கடைசி நாளில் ஆஸ்பத்திரி வாசலில் என்னை மறித்தார்கள். "சொந்தக்காரர் மட்டும்தான். எழுதியிருக்கு," என்றார்கள். வாய்க்கு மச்சான்தான், இரத்த உறவில்லை; ஆனால் நாற்பது வருடம் ஒரே தோணியில் இருந்தவன் நான். அந்தப் பலகையைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. சரி என்று திரும்பிவிட்டேன். நீ என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாயாம்.

உண்மையிலேயே அப்படி எழுதியிருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த பிறகும் அந்தப் பக்கம் போகப் பயந்தேன். எழுதியிராவிட்டால் நான் என்ன செய்வேன்?

இந்தத் திங்கட்கிழமை போகிறேன். சத்தமாக வாசிப்பேன். அப்படி எழுதியில்லை என்றால், ஏன் மறித்தீர்கள் என்று கேட்பேன். எழுதியிருந்தாலும் விடமாட்டேன், சொந்தம் யாரென்று தீர்மானிக்க நீங்கள் யார் என்று கேட்பேன். இனி எந்த வாசலிலும் வாசிக்காமல் திரும்பமாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் சொந்தக்காரன்,
பெரியகல்லாறு சாமித்தம்பி