மடைப்பிடியில் கட்டிய துணி

மே 4, திங்கள்

கொக்கிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். வாயும் போய்விட்டதாம். என் பையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னான். "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. ஒரு தடவ வந்து நின்னாப் போதும்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன். அவன் போய்விட்டான்.

கொக்கி என் வீட்டுக்காரரின் தங்கை. மூட்டை இழுக்கிற கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவாள், அதனால் குடோனில் அந்தப் பேர். என் தங்கையைக் கொன்றவள்.

மே 5

அந்தக் கதையை இதுவரை எழுதி வைத்ததில்லை. வைக்கிறேன்.

கால்வாய்க்கரைக் குடோனில் நாங்கள் மூன்று பேரும் வேலை பார்த்தோம். நான், என் தங்கை சின்னவள், கொக்கி. மாடியிலிருந்து கீழ்வரை இறங்கும் பெரிய மரத்தொட்டி. அது நிறையத் தானியம். அடியில் ஒரு மடை. தொட்டி வாய்ப்பக்கம் இருக்கும் இரும்புப்பிடியை இழுத்தால் மடை திறந்து, தானியம் சரிந்து சுவருக்கு அந்தப்பக்கம் நிற்கும் படகில் விழும். மழைநாளில் ஈரம் ஏறிக் கட்டிப்போய் நிற்கும். அப்போது ஒருத்தி உள்ளே இறங்கிக் காலால் உழக்கிவிட வேண்டும். இறங்கும் முன் தலைத்துணியை அவிழ்த்துப் பிடியில் கட்டுவாள். துணி இருந்தால் ஆள் உள்ளே; அப்போது மடை திறந்தால் சரிகிற தானியம் அவளையும் இழுத்துப் புதைத்துவிடும். கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். மேஸ்திரியே வந்தாலும் தொட மாட்டான்.

சின்னவள் கட்டிவிட்டுத்தான் இறங்கினாள். பச்சைத் துணி. நான் தெருப்பக்கத் தாழ்வாரத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு மேலே ஓடினால், சின்னவளைக் காணோம். தானியம் மட்டும் இருக்கிறது. கொக்கி கையில் பச்சைத் துணி.

"நான் பிடியத் தொடல அண்ணி! உள்ள போறாளேன்னு, பிடிச்சுக்கட்டும்னு வீசத்தான் அவுத்தேன்!"

பிடியைத் தொடாமல் மடை எப்படித் திறக்கும்? தானாகத் திறந்ததா? மேஸ்திரியும் அதையேதான் கேட்டான்.

என் கல்யாணத்துக்கு ஓட்டைக் குடத்தைச் சீராக வைத்தவள் முகம்கூட எனக்கு மறக்கவில்லை. இதையா மறப்பேன்? என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்தபோது அண்ணன் முகம் பார்க்கக் கொக்கி வந்து நின்றாள். கதவைச் சாத்தினேன். இன்னொரு தடவை வந்தாலும் சாத்துவேன்.

மே 10, ஞாயிறு

அந்தக் குடோனை இப்போது டிக்கெட் போட்டுச் சுற்றிக்காட்டுகிறார்களாம். பழைய காலத்துத் தொழில் எப்படி நடந்தது என்று பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்களாம். அன்றைக்கு எங்களை முன்வாசலில் விடாதவர்கள் இன்றைக்கு வா வா என்கிறார்கள்.

"போலாம் பாட்டி, நீ வேல பாத்த இடத்தக் காட்டு" என்று பேத்தி. பையன் அதற்குள் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். அவன் கணக்கு எனக்குத் தெரியாதா? கொக்கி வீடு குடோனுக்கு அடுத்த தெரு.

"குடோனுக்கு வர்றேன். அவ வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சுன்னா, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துடுவேன்" என்றேன்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகச் சின்னவள் முகம் மங்குகிறது. மூக்கு வருகிறது, கண் வர மாட்டேன் என்கிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. முகம் போய்க் கோபம் மட்டும் மிஞ்சிவிடுமோ? அந்த இடத்தில் நின்றால் முகம் திரும்பி வரும். வரணும்.

மே 16

போய் வந்தோம்.

மே 17

எழுத வரவில்லை.

மே 18

எழுதித்தான் ஆகவேண்டும்.

சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். மூட்டை தைத்த தாழ்வாரத்தில் காபிக்கடை. மேலே தொட்டி காலியாகக் கிடக்கிறது — நான் அதைக் காலியாகப் பார்த்ததே இல்லை. பிடி அங்கேயே இருக்கிறது. தொட்டேன். சின்னவள் முகம் வரவில்லை. இரும்பு ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

பேத்தி மேலேயே நின்றுகொண்டாள். சுற்றிக்காட்டுகிற பெண் எங்களைக் கால்வாய்ப்பக்கம் கூட்டிப்போனாள். எங்கள் காலத்தில் அந்தப்பக்கம் பெண்கள் கால் வைக்கக்கூடாது, அது படகுக்காரர்கள் இடம். சுவரில் இன்னொரு இரும்புப்பிடி.

"இதென்னம்மா?" என்றேன்.

"அதே மடைதான் பாட்டி. ரெண்டு பக்கமிருந்தும் திறக்கலாம். படகு வந்து நின்னதும் இங்கிருந்தே இழுத்துக்குவாங்க." சிரித்துக்கொண்டே இழுத்தாள். உள்ளே மரம் உரசுகிற சத்தம்.

மேலே இருந்து பேத்தி கத்தினாள். "பாட்டீ! கீழ திறக்குது! ஆனா நான் பிடிச்சிருக்குற பிடி அசையவே இல்ல!"

அசையவே இல்லை.

துணி கட்டினபடியே இருந்திருக்கு. கட்டினபடியே இருக்கும்போதே தானியம் இறங்கியிருக்கு. படகுக்காரனுக்கு என்ன தெரியும், துணி சுவருக்கு எங்க பக்கம்தானே இருக்கு! மேஸ்திரிக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் நடந்தவன் அவன் ஒருத்தன்தான். தெரிஞ்சுக்கிட்டே அவகிட்ட அப்படிக் கேட்டான் பாவி. நானும் அவன் பக்கத்தில நின்னு கேட்டேன்.

பையன் என் கையைப் பிடித்தான். "அத்தை வீட்டுக்குப் போலாமாம்மா?"

முடியாது என்றேன். எந்த முகத்தோடு போவது? வாயிருந்தபோது இத்தனை வருஷம் சொன்னாள். இப்போது வாயில்லை. இனி நான் கேட்டு என்ன, கேட்காவிட்டால் என்ன?

மே 20

போனேன். தனியாக.

கொக்கியின் மருமகள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, வழி விடாமலே நின்றாள். சாத்தியிருந்தால் சரி என்று திரும்பியிருப்பேன். சாத்தவில்லை. "செருப்ப அங்க விடுங்க" என்றாள்.

கட்டிலில் கிடக்கிறாள். எலும்பும் தோலும். "ரெண்டு பக்கமும் பிடி இருக்குடி. இப்பதான் பாத்தேன்" என்றேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்புகிற பக்கம் அந்த ஒன்றுதான்.

மே 21

அதே சுவர்.

மே 23

அதே. "கேக்குதா, கேக்கலியாம்மா அவளுக்கு?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"நல்லாக் கேக்குது பெரியம்மா. நான் கஞ்சியில உப்புப் போடலன்னு பக்கத்து வீட்டுல சொன்னது வரைக்கும் கேக்குது. கஞ்சியத் துப்பிட்டாங்க."

அப்படியென்றால் கேட்டுக்கொண்டுதான் திரும்பிக்கொள்கிறாள். திரும்பட்டும். நானாக இருந்தால் துப்பியிருப்பேன். ஆனால் அவள் இப்படியே போய்விட்டால் நான் என்ன செய்வேன்? யாரிடம் போய் நிற்பேன்? இத்தனை நாள் அவளைத் திட்டித்தான் காலையில் எழுந்தேன். நாளைக்கு எதற்கு எழுவேன்?

மே 26

மருத்துவர் வந்து கொக்கியைப் பார்த்துவிட்டு, வெளியே என் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தனியாகக் கூப்பிட்டாலே என்னவென்று எனக்குத் தெரியும்.

சொல்லக்கூடியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. இன்னமும் விடாமல் கட்டுகிற என் தலைத்துணியை அவிழ்த்தேன். அவள் கட்டில் கம்பியில், சுவர்ப்பக்கமாக, கண்ணில் படுகிற இடத்தில் கட்டினேன். பழைய கட்டு, இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. விரலுக்கு மறக்கவில்லை.

அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மே 27

கொக்கியின் மருமகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன பெரியம்மா கட்டி வச்சீங்க? தொவைக்கலாம்னு அவுக்கப் போனேன், கைய அறைஞ்சிட்டாங்க! அந்த நல்ல கையால. விடவே மாட்டேங்கறாங்க."

உள்ளே போனேன். கட்டின் மேல் அவள் கை. முகம் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

"அவுத்துடவாடி?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவிழ்க்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். விரலை இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சியில் உப்புப் போட்டு நானே ஊட்டினேன். துப்பவில்லை.

திரும்பும்போது மழை. வெறுந்தலையோடு நனைந்து வந்தேன். என் மருமகள் துண்டோடு ஓடி வந்தாள். "துணி எங்க அத்தை?"

"அவுக்க முடியாது. ஆளு உள்ள இருக்கு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தலையைத் துவட்டிவிட்டாள்.