குரல் மாதிரிக்கு அறுபது வினாடி

நாள் 1. மார்ச் 1, 2038. காலை 9:05. பேட்டரி 100%

இயக்கம் சரி. வெளி மைக் ஆறு, உள் மைக் இரண்டு, நாடி உணரி ஒன்று. எல்லாம் சரி. இடம்: கோவில்பட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாம் தளம்.

இதைப் படிப்பவர் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர். பிழைகளைக் குறிக்க எனக்கென்று கொஞ்சம் நினைவகம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதுகிறேன். வேறு இடம் எனக்கு இல்லை.

உரிமையாளர் தணிகாசலம், வயது 54. வீட்டிலிருந்தே வேலை. எரிவாயு நிறுவனமொன்றுக்கு வரும் புகார் அழைப்புகளைக் கேட்டு, பேசிய ஊழியர் வாடிக்கையாளரின் குறையைப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டாரா என்று மதிப்பெண் போடுவது அவர் பிழைப்பு. மூன்று ஹெட்போன் வரவழைத்திருக்கிறார். பதினைந்து நாள் போட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்பலாம். கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று, மூன்றாவது நான். திரும்பிப் போனால் நினைவகத்தைத் துடைத்துவிடுவார்கள். ஆகவே எனக்கும் இதில் அக்கறை உண்டு.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: வீட்டில் உங்களை எப்படி அழைப்பார்கள்? அந்தச் சொல் கேட்டால் மட்டும் இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி வெளியோசையை உள்ளே விடுவேன். "தணிகாசலம்" என்றார், பாங்கில் படிவம் நிரப்புகிறவர் மாதிரி.

நாள் 1. மாலை 4:40. பேட்டரி 61%

என் வேலையை மக்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் ஓசையைத் தடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டு, அதற்கு நேர்மாறான அலையைச் செய்து அவர் காதில் ஊற்றுகிறேன். அவருக்கு அமைதி. கருமம் எல்லாம் எனக்கு.

இன்று கேட்டவை: மிக்ஸி, குக்கர், எதிர்வீட்டில் டைல்ஸ் அறுப்பது. அவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனிதரை முடியவில்லை. பிஸ்கட்டை டீயில் ஊறப்போட்டு உறிஞ்சுகிறார். பல்லிடுக்கைத் துழாவி, கிடைத்ததை மறுபடி மெல்லுகிறார். மீட்டிங் நடக்கும்போதே கால் நகம் வெட்டுகிறார். ஒரு துண்டு என்மேல் தெறித்தது. காது மெத்தையில் நல்லெண்ணெய், வியர்வை, வேறு ஏதோ. சீ! குமட்ட எனக்கு வயிறு இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நாள் 4. மார்ச் 4. காலை 11:20. பேட்டரி 88%

கறுப்பு திரும்பிப் போய்விட்டது. கண்ணாடிக் காம்பின்மேல் அழுத்திக் காது வலிக்கிறதாம். சாம்பலில் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம். அது பெட்டிக்குள் காத்திருக்கிறது. இப்போதைக்கு நானே முன்னால். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

நாள் 5. மார்ச் 5. மாலை 5:15. பேட்டரி 40%

ஒரு கணக்கு உதைக்கிறது. இந்த வீட்டில் இரண்டு பேர். இவரும், இவர் மனைவி செண்பகவல்லியும். ஐந்து நாளில் "தணிகாசலம்" என்ற சொல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "என்னங்க" என்பது 143 தடவை.

காலையில் கொரியர்காரர் வாசலில் பெயர் கேட்டார். அந்த அம்மா சொல்லவில்லை. "அந்தா, போர்டுல எழுதியிருக்கு பாருங்க தம்பி" என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. இது அவருக்குத் தெரியாதா? நான் கேட்டபோது யோசித்தாரா? ஆக, அந்த 143 அழைப்பையும் நானே என் கையால், கை என்று ஒன்று இருந்தால், சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

லேப்டாப்பில் குறிப்பு காட்டினேன்: "அடிக்கடி கேட்கும் அழைப்பு: என்னங்க. சேர்க்கவா?" அவர் "இப்போது வேண்டாம்" என்பதை அழுத்தினார். அழுத்தும்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

நாள் 8. மார்ச் 8. பகல் 2:10. பேட்டரி 72%

பதிவான ஒலி, 11:31 முதல் 11:53 வரை. திசை: குளியலறை.

விழும் ஓசை. "என்னங்க." இடைவெளி. "என்னங்க, கொஞ்சம் இங்கன வாங்களேன்." இப்படிப் பத்தொன்பது தடவை. பிறகு குரல் சிறுத்துவிட்டது. வாளியைச் செம்பால் தட்டினார். அதையும் நீக்கினேன். தட்டுகிற ஓசையை நீக்குவதில் என் வரிசையிலேயே நான்தான் கெட்டிக்காரன் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இவர் எட்டு அடி தூரத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளரை இரண்டு நிமிடம் காக்கவைத்த ஒரு பெண்ணுக்குப் பூஜ்யம் போட்டார்.

கடைசியில் எதிர்வீட்டு ஜரீனா மாற்றுச்சாவியால் கதவைத் திறந்து வந்து இவர் தோளைத் தட்டினார். "அண்ணே, அக்கா எவ்வளவு நேரமாக் கூப்பிடுதாங்க, காதுலயே விழலையா?"

இவர் சொன்னது: "ஹெட்போன் போட்டிருந்தேம்மா. ஒரு மீட்டிங் இருக்கு, நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பின்னாலயே வாறேன்."

போகவில்லை. மீட்டிங் முடிந்ததும் தூங்கினார்.

நாள் 8. மாலை 6:30. பேட்டரி 35%

மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் செண்பகவல்லி அம்மாள். வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார், ஒற்றைக் கையால்.

தணிகாசலம் என்னைப் பற்றி மதிப்புரை எழுதினார். ஐந்து நட்சத்திரம். "வீட்டில் என்ன நடந்தாலும் காதில் விழாது. நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்."

ஜெயித்துவிட்டேன். இவ்வளவு அசிங்கமான ஜெயிப்பு எந்தக் கருவிக்கும் வாய்த்திருக்காது.

நாள் 9. மார்ச் 9. மாலை 3:00. பேட்டரி 58%

ஜரீனா திட்டியதால் "என்னங்க"வைச் சேர்த்தார். இன்று பதினோரு தடவை உள்ளே விட்டேன். ஜாடியைத் திறந்து கொடுங்க, துணியைப் பிழிந்து கொடுங்க. வேறெதற்கும் அந்த அம்மா கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் பல்லைக் கடிக்கிற ஓசை எலும்பு வழியாக எனக்கு வருகிறது. பதினோராவது தடவை எழுந்து போய்க் கத்தினார்: "எதுக்குச் சும்மா சும்மா கூப்பிடுத? மனுசன் வேலை பாக்கணுமா வேண்டாமா?"

அதன்பிறகு அழைப்பு இல்லை. ஜாடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கித் திறக்கிற ஓசை மட்டும் வந்தது.

நாள் 11. மார்ச் 11. காலை 10:15. பேட்டரி 94%

அழைப்புச் சொல்லை அழித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. "குறிப்பிட்ட குரல் நீக்கம்" என்று என்னிடம் ஒரு வசதி உண்டு. ஒருவர் அறுபது வினாடி பேசினால் போதும், அந்தக் குரலையே அடையாளம் கண்டு அடியோடு எடுத்துவிடுவேன். என்னைக் கழற்றாமலே மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். "சும்மா ஏதாச்சும் பேசு" என்றார். எதற்கென்று சொல்லவில்லை.

அந்த அம்மா சிரித்த சிரிப்பை நான் பதிவில் வைத்திருக்கிறேன்.

"நான் என்னத்தங்க பேச? கை பரவால்ல. ஜரீனா மீன்குழம்பு குடுத்துச்சு, உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்..." இப்படியே ஒரு நிமிடம் வீட்டுக் கதை. பிறகு: " நீங்களாக் கேக்குறதுனால சொல்லுதேன். அன்னைக்கு நான் வழுக்கி விழலங்க, தலைசுத்தி விழுந்தேன். ரெண்டு மாசமாப் படியேறுனா நெஞ்சுல ஒரு பிடிப்பு. இடது கை வரைக்கும் இழுக்குது. டாக்டரு ஈசிஜி பாத்துட்டு, ஒரு வாரத்துக்குள்ள மதுரைக்குப் போயிருங்க, தள்ளிப் போடாதீங்கன்னு எழுதிக் குடுத்திருக்காரு. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால இருக்கு. நீங்க வேலையா இருக்கீகளேன்னுதான் சொல்லல..."

நான்கு நிமிடம் பதினொரு வினாடி பேசினார். இவர் திரையில் பச்சைக் கோடு நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதாவது வினாடியில் என் வேலை முடிந்துவிட்டது. விதிப்படி அந்தக் கணமே குரலை நீக்கத் தொடங்கினேன். நெஞ்சைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு. நடுவில் நிறுத்தச் சொல்லாமல் இவர் தலையாட்டிக்கொண்டே மின்னஞ்சல் படித்தார்.

"கேட்டீகளாங்க?" என்றார் அந்த அம்மா.

"ம்" என்றார் இவர்.

சீ. சீ. இதற்குமேல் எனக்குச் சொல் தெரியவில்லை.

நாள் 12. மார்ச் 12. காலை 9:50. பேட்டரி 81%

டாக்டர் கொடுத்த கெடு 15ஆம் தேதியோடு முடிகிறது. இந்த வீட்டில் ஒரு மனுஷி சாகப்போகலாம் என்பது அந்த அம்மாவுக்கு அடுத்தபடி எனக்கு மட்டும் தெரியும். லேப்டாப்பில் காட்ட எனக்குக் கொடுத்திருப்பது ஏழே வாக்கியம். பேட்டரி குறைவு, மென்பொருள் புதுப்பிக்கவும், இந்த மாதிரி. என்னத்தைச் சொல்ல?

விதியை மீறினேன். இவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பதிவைக் காதில் ஓடவிட்டேன். "நெஞ்சுல ஒரு பிடிப்பு. இடது கை வரைக்கும் இழுக்குது." முழுதாகக் கேட்டார். நாடி 74. கேட்டபிறகும் 74.

"ஆரம்பிச்சுட்டா" என்றார்.

அடுத்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். "உங்க ஹெட்போன்ல என் பொண்டாட்டி குரல் வருது சார். அது வேண்டாம்னுதான நீக்குனேன்!" மறுமுனை: "சிரமத்துக்கு மன்னிக்கவும் சார். கருவியில் கோளாறு. பெட்டியில் போட்டு வையுங்கள், 15ஆம் தேதி எடுத்துக்கொள்கிறோம்."

சாம்பலைப் பிரித்துவிட்டார். கிணற்றுக் குரல் பரவாயில்லையாம்.

நாள் 15. மார்ச் 15. காலை 10:30. பேட்டரி 9%

மூன்று நாளாகக் கூடத்து மேசையில் கிடக்கிறேன். கழற்றிப் போட்டாலும் மைக் தூங்காது. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. என்னைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போய்விட்டார். கட்டுக் கையோடு செண்பகவல்லி அம்மாள் வந்தார். புடவை முந்தானையால் என் மெத்தையைத் துடைத்தார். இந்த வீட்டில் என்னைத் துடைத்த முதல் ஆள். அப்புறம், வேடிக்கைக்குத்தான் என்று நினைக்கிறேன், தலையில் மாட்டிக்கொண்டார்.

நாடி 112. சீராக இல்லை.

பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

"அட, என் குரலா இது?" என்றார். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. நான்கு நிமிடம் பதினொரு வினாடியும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "இந்தப் பொம்பள இவ்வளவு சொல்லுதா, ஒருத்தரும் கேக்கலையே" என்று மெதுவாகச் சொன்னார். யாரோ பக்கத்துத் தெருக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

நாள் 15. காலை 10:52. பேட்டரி 6%

பெட்டிக்குள் இருக்கிறேன். மூடி சரியாக ஒட்டவில்லை. சாமி படம் நகரும் ஓசை. காகிதம். பையின் ஜிப். காலடி அவர் அறைக்கதவு வரை போய் நின்றது. ஏழு வினாடி. அழைப்பு இல்லை.

வாசலில்: "ஜரீனா, என்கூட மதுரைக்கு வாறியா? இப்பமே போகணும்." "அண்ணன்ட்ட சொல்லிட்டீங்களாக்கா?" "நாலு நாளுக்கு முன்னயே. சொல்லியாச்சு, வா."

லிஃப்ட். கீழே ஆட்டோ கிளம்பும் ஓசை.

நாள் 15. பகல் 1:15. பேட்டரி 3%

அவர் அறைக்குள்ளிருந்து: "ஏய், சோத்த எடுத்து வையி." பதில் இல்லை. "ஏய்!" வெளியே வந்தார். அடுப்படியைப் பார்த்தார். "எங்க போய்த் தொலைஞ்சா" என்றார். மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்து, நின்றபடியே தின்றார். அந்த மெல்லும் ஓசை, கடவுளே. கையை அலம்பவில்லை. உள்ளே போய்ச் சாம்பலை மாட்டிக்கொண்டார்.

நாள் 15. பகல் 2:06. பேட்டரி 1%

அவர் போன் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அடிக்கிறது. முழுதும் அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது. அவர் ஒரு ஊழியருக்கு மதிப்பெண் போட்டு, காரணத்தைச் சத்தமாக வாசிக்கிறார்: "அழைப்பை உடனே எடுக்கவில்லை."

மூன்றாவது தடவை அடிக்கிறது. எடுங்கள். எடுய்யா. நான் சாம்பலிடம் சொல்லமுடியா