மதினி, நீங்கள் சர்க்கரையில் சாகவில்லை

என் பிலோமி மதினிக்கு,

உங்கள் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நின்று பேச வாய் வரவில்லை. பக்கத்துக் கல்லறைகளில் ஆட்கள் இருந்தார்கள் என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் வெட்கம். உங்கள் படத்தைக்கூட நேராகப் பார்க்க முடியாத வெட்கம்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார், தொழிலுக்கு மட்டும் போவதில்லை. வலையை விற்றுவிட்டார். உங்கள் ஜெனி செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். உங்களை மாதிரியே சத்தம் போட்டுச் சிரிக்கிறாளாம், கடைக்கார அண்ணாச்சி குறைப்பட்டுக்கொள்கிறார். என் ஸ்டெல்லாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீடு கீழவைப்பார். கப்பலில் வேலை, நல்ல பையன். கோயிலில் கலியாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையை அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெருமழையில் வெள்ளம் ரசாயன மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கிக்குள் புகுந்து, உள்ளே இருந்ததையெல்லாம் நம் கடற்கரைக்கு இழுத்து வந்தது. சாக்குகள் கிழிந்து, வெள்ளையாக மாவு மாதிரி ஒன்று மணலோடு சேறாகக் கிடந்தது. அதை அள்ள ஆள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் தெருவுக்கே வந்து கூப்பிட்டார். படகுகள் கரையில் கிடந்த நாட்கள், வீட்டில் உலை வைக்க வழியில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். கைக்கு உறையும் இல்லை, காலுக்குச் செருப்பும் இல்லை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டோம். உங்களுக்கு அதிலும் கேலி. “ஏளா ரோஸு, இந்தக் கோலத்துல போய் நின்னா நகைக்கடைக்காரன் கதவ இழுத்துச் சாத்திருவாம்ளா” என்றீர்கள்.

வரும்போது, அந்தச் சாக்குகளோடு ஒதுங்கிக் கிடந்த நீலப் பீப்பாயில் ஆளுக்கொன்றை உருட்டிக்கொண்டு வந்தோம். கரையில் ஒதுங்குவதை எடுத்துக்கொள்வது நமக்கு வழக்கம்தானே. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குடிதண்ணீர் பிடித்து வைத்தோம். தெருவில் பாதி வீட்டில் அந்தப் பீப்பாய்தான்.

பிறகு உங்கள் உள்ளங்கை உரிந்தது. இருமல் வந்தது. அலர்ஜி என்றார்கள், டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், டிபி இல்லை என்று நிறுத்தினார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான், “நுரையீரல் வெந்து போயிருக்கு. எங்கம்மா வேலை பார்த்தீங்க?” என்று கேட்டார். அப்போது உங்களுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.

இப்போது பலரும் அலைந்து போராடியதில் ஒரு வழி பிறந்திருக்கிறது. நம் கோயிலின் பங்கு மண்டபத்தில் மருத்துவ முகாம் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவில்லாமல் சிகிச்சை, இறந்தவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு. ஆனால் காண்ட்ராக்டர், பெண்கள் யாரையும் வேலைக்கே கூப்பிடவில்லை என்று சாதிக்கிறார். அதோடு விட்டாரா? பீப்பாயை வீட்டுக்குக் கொண்டு போய்த் தண்ணீர் குடித்தது எங்கள் புத்திகெட்டதனமாம். அதை விசாரணைக் கூட்டத்தில் சொன்னபோது தலையைக் குனிந்தது நாங்கள்தான். விஷம் என்று ஒரு வரி தமிழில் எழுதி ஒட்டாதவர்கள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை அங்கேயே விழுங்கிக்கொண்டேன்.

கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், அவர்கள் நெஞ்சிலும் அதே சேதம் தெரிய வேண்டும், அப்போதுதான் உங்கள் சாவை இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஜெனி என்னிடம் வந்தாள். “அத்தை, அம்மா பக்கத்துல நின்னு அள்ளுனது நீங்கதான். முகாமுக்கு வந்து, நெஞ்சு சோதிக்கிற அந்தக் குழாயில மூச்ச ஊதுங்க, போதும். உங்க இருமலுக்கும் மருந்து கிடைக்கும்லா” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா மதினி? “ஸ்டெல்லா கலியாணம் முடியட்டும்ளா” என்றேன். முகாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நம் தெருவில் இப்போது என்ன பேச்சு என்றால், முகாமுக்குப் போன வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள். அந்த மண்ணை மிதித்தவள் பெற்ற பிள்ளைக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா என்று கேட்கிறார்கள். பெண் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இருமலைத் தலையணையில் அமுக்குகிறோம். நோயைக் கொடுத்தவனுக்கு வராத வெட்கம் நோய் வந்த நமக்கு ஏன் வருகிறது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சம்பந்தியம்மா போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். ஜெனிதான் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்து, “சின்ன வயசுலயே போயிட்டாங்களே, என்ன சீக்கு?” என்று கேட்டார்.

“சர்க்கரை” என்றேன்.

உங்கள் மகள் பக்கத்தில் நிற்கிறாள், மதினி. நான் அப்படிச் சொன்னேன். சொன்ன வாயோடு எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை. சம்பந்தியம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜெனி என் முதுகைத் தடவிக்கொண்டே, “அத்தைக்குப் பனி சேராது. வருசாவருசம் இப்படித்தான்” என்றாள்.

என்னைக் காப்பாற்றிவிட்டாள். தாய் எதனால் செத்தாள் என்று ஊர் ஊராக, ஆபீஸ் ஆபீஸாகச் சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளை, என் மகள் கலியாணத்துக்காக என் பொய்க்கு முட்டுக் கொடுத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தக் கை என் முதுகில் பட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு ஸ்டெல்லா அடுக்களைக்குள் வந்து நின்றாள். “எம்மா, மாமி செத்தது சர்க்கரையிலயா?” என்று கேட்டாள். எல்லாம் உனக்காகத்தான் என்று சொன்னேன். “எனக்காகன்னு ஜெனியப் பொய் சொல்ல வச்சிட்டிய. நாளைக்கு நீங்களும் மாமி மாதிரி கிடந்தா, நான் மாமியார் வீட்டுல என்ன சீக்குன்னு சொல்லணும்? அதையும் இப்பமே சொல்லிக் குடுங்க” என்றாள்.

நேற்று பஸ் ஏறி, கீழவைப்பாருக்கு நானே போனேன். சம்பந்தியம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. “எங்க மதினி சர்க்கரையில சாகல. அந்தச் சேத்த அள்ளுனதுல செத்தாங்க. கூட நானும் அள்ளுனேன். எனக்கும் நெஞ்சுல அதே சீக்குதான் இருக்கும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கையைக் கழுவினார். பிறகு, “அன்னைக்கே சொல்லிருக்கலாமே” என்றார். “வீட்டுல பேசிட்டுச் சொல்லுதேன்” என்றார். அவ்வளவுதான். இன்னும் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஓலை வாசிப்பார்களா, நிறுத்துவார்களா, தெரியவில்லை. ஸ்டெல்லா தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் தைரியம் எனக்கு இல்லை, மதினி.

இந்தக் கடிதத்தை நம் பங்கு இதழுக்குக் கொடுக்கிறேன். கீழவைப்பாரிலும் வாசிக்கட்டும். இருமலை அமுக்கிக்கொண்டிருக்கிற நம் தெருப் பெண்களும் வாசிக்கட்டும்.

ஜெனிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், நாளைக் காலையில் வண்டியில் வந்து கூட்டிப்போவாள். கலியாணம் நடந்தாலும் நின்றாலும் நான் போவேன். அந்தக் குழாயில் எனக்கு இருக்கிற மூச்சையெல்லாம் ஊதுவேன். யார் யார் சேறு அள்ளினீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் பெயரை முதலில் சொல்வேன், என் பெயரை அதற்குப் பிறகு சொல்வேன். உங்கள் மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன்.

உங்களோடு அந்தச் சேற்றில் நின்ற
நாத்தனார்,
ரோஸ்லின்