வேடந்தாங்கலில் வாய் மூடிய மனுஷன்

அன்புள்ள கீர்த்தி அப்பாவுக்கு,

குவைத்தில் நான் சுகம். அங்கே உங்கள் சுகரும் ஆட்டோவும் அடங்கியிருக்கின்றனவா? போனில் சொன்னால் கத்துவீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் செல்வியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கீர்த்திக்கு மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்க இடம் கிடைத்தும் நீங்கள் ஹாஸ்டல் பாரத்தில் கையெழுத்துப் போடவில்லையாம். "பொட்டப்புள்ளைக்குக் காட்ல இன்னா வேலை?" என்றீர்களாம்.

எட்டாவது படிக்கும்போது அவளைப் பள்ளிக்கூடத்தில் வேடந்தாங்கலுக்கு மூன்று நாள் முகாம் கூட்டிப்போனார்கள். பிள்ளை அழும் என்று தயிர்சாதத்தோடு பஸ் ஏறி ஓடினீர்களே, மறந்துவிட்டதா? அவள் அழவா செய்தாள்? "நைனா, சத்தம் போடாத, கூட்ல குஞ்சு கீது" என்று பைனாகுலரை உங்கள் கையில் கொடுத்தாள். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டையே அலறவைக்கும் மனுஷன் ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "பறவை பேரெல்லாம் டீச்சராட்டம் சொல்லுதுடி நம்ம பொண்ணு" என்று கண் கலங்கினீர்கள். அன்றைக்குப் பிடித்த ஆசைதான் இது.

போன வாரம் இங்கே நான் வேலை செய்யும் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு பறவை புகுந்துவிட்டது. துண்டால் பிடித்து வெளியே விட்டேன். விரலில் ஒரு கொத்து, அவ்வளவுதான். இப்போது தினமும் ஜன்னலுக்கு வருகிறது. இந்த வீட்டில் என் தமிழைக் கேட்க அது ஒன்றுதான்.

கொஞ்சம் வடகமும் அந்த முகாம் போட்டோவும் அனுப்புங்கள். என் ஜன்னலுக்கு வரும் பறவைக்குக் கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், வாலுக்கடியில் மஞ்சள். அதன் பேர் என்னவென்று கீர்த்தியிடம் கேளுங்கள். முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் சொல்லுவாள்.

மேடம் கூப்பிடுகிறார்கள்.

கஸ்தூரி