திரியாத பால்

நவம்பர் 8, வெள்ளி

சூடான பால்ல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சேன். திரியல. இப்பவும் நம்ப முடியல.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா, எங்க வீட்டுக்காரரப் பெத்த மாமி எதையும் வாயில வைக்கல. எஞ்சமையல்ல குறை சொல்லாம அவுகளுக்குச் சோறு இறங்காது. இப்ப அதுகூட இல்ல. தட்டத் தள்ளிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாக. அதுதான் எனக்குப் பயம்.

துபாய்ல இருக்கற மகதான் இந்த ஈரான் சூப்ப போன்ல சொல்லிக் குடுத்தா. பார்லியக் குழைய வேகவச்சு, கேரட்டத் துருவிப் போட்டு, பால ஊத்தி, இறக்குனதும் எலுமிச்சை.

"நம்ம கம்பம் ஊர்ல எவளாச்சும் பால்ல எலுமிச்சை பிழிவாளாடி?"ன்னு கத்துனேன்.

"பார்லி பாத்துக்கிரும், பிழிங்கம்மா"ன்னா.

கண்ண மூடிக்கிட்டுப் பிழிஞ்சேன். தொறந்து பாத்தா, சட்டியில உருக்குன வெண்ண மாதிரி நிக்குது. ஆடைகூடப் போடல. எங்க இருந்து வந்துச்சு அந்த வழுவழுப்பு, அல்லாவே!

மாமி கிண்ணத்த எட்டிப் பாத்தாக. "பார்லியா? கால் வீங்குன புள்ளத்தாச்சிக்குக் குடுக்கறத எனக்கா காய்ச்சுன?"

ஆனா ஒரு கரண்டி வாங்குனாக. அப்புறம் கிண்ணத்தையே வாங்கிக்கிட்டாக. வழிச்சுக் குடிச்சிட்டு, வாயத் தொடச்சு, "உப்புப் பத்தல"ன்னாக.

உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ்.