காய்ச்சல் விட்ட பிறகு

முந்தாநாள் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைக் காட்டியது. "காய்ச்சல் வுட்டுருச்சு சித்தி, வூட்டுக்குப் போலாமா?" என்று உன் மகள் கேட்டாள். தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்; அவளுக்கும் டெங்கு. நீயும் அன்று இதையேதானே சொன்னாய், அக்கா.

நான்கு நாள் கொதித்த உன் உடம்பு அன்று காலை தணிந்திருந்தது. பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி பறித்து அனுப்ப வேண்டுமென்று பரபரத்தாய். "இன்னும் ரெண்டு நாள் இருக்கணுங்க. காய்ச்சல் வுட்ட பொறவுதான் ஜாக்கிரதையா பாக்கணும்" என்றார் நர்ஸ். நாம் சிரித்தோம். "நான் பாத்துக்கறேங்க" என்று எழுதிக்கொடுத்து, உன்னை ஸ்கூட்டியில் ஏற்றி வந்தவள் நான்தான்.

மதியம் வயிற்று வலி என்றாய். வாந்தி எடுத்தாய். சுக்குக் கஷாயம் வைத்துத் தந்தேன். "பாவாட நாடா இறுக்குது புள்ள" என்றாய். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவளுக்கு வயிறு எப்படி உப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை, நாடாவைத் தளர்த்திவிட்டேன். காலையிலிருந்து நீ ஒன்றுக்குப் போகவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. உன் கை ஜில்லென்றிருந்தது. காய்ச்சல் போனதால்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் திரும்பக் கொண்டுபோனபோதும் தெளிவாகப் பேசினாய். "செடிக்குத் தண்ணி கட்டச் சொல்லு" என்றாய். நாடி பிடித்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"ஒரு சொட்டு ரத்தங்கூட வரலீங்களே?" என்றேன்.

"ரத்தம் வரலம்மா. அதுல இருக்கற தண்ணி ரத்தக்குழாய்ச் சுவர் வழியா கசிஞ்சு வயித்துலயும் நெஞ்சுலயும் தேங்கிருச்சு. குழாய்க்குள்ள ஓடறதுக்குத்தான் இல்ல."

பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மறுநாள் காலை நீ இல்லை. எனக்கு அழக்கூட வரவில்லை. வராந்தாவில் நின்று, எதிரே வந்தவர்களிடமெல்லாம் "காய்ச்சல்தான் வுட்டுருச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டு நாளும் உன் மகளை நகர விடவில்லை. பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன், வயிறு வலிக்கிறதா என்பேன். "ஒன்னுக்குப் போனியான்னு எத்தன தடவ கேப்ப சித்தி, அசிங்கமா இருக்கு" என்று சலித்துக்கொண்டாள். இன்று காலை டாக்டர், இனிப் பயமில்லை என்றார். அவர் போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவ மட்டும் ஏன் சித்தி அன்னிக்கு வூட்டுக்கு வுட்டுட்டாங்க?"

சொல்லிவிட்டேன், நான் எழுதிக்கொடுத்ததை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை விடவும் இல்லை. இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறோம்.